ஏ34 வீதியில் ஒரு நல்ல பாண்

பெருநகரத்தில் நல்ல பிஸ்ஸா தேடுகிறவர்கள் கடையின் பெயரைவிட அடுப்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். விறகடுப்பா? எவ்வளவு சூடு? மா எத்தனை மணித்தியாலம் புளித்தது? நாப்போலிக்காரர்கள் ஏறத்தாழ 480 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் பிஸ்ஸாவைச் சுட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017இல் மானுட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இலங்கையின் வடக்கே வன்னியில் இதே கேள்விகளோடு போனால் வந்து நிற்கும் இடம் பாண் போறணை. மாங்குளத்தில் தொடங்கி முல்லைத்தீவுக் கடலோரம் முடியும் ஏ34 வீதி சுமார் 50 கிலோமீட்டர். வற்றாப்பளைக்குத் திரும்பும் கிளையையும் சேர்த்துப் போனால், மா இந்த மண்ணுக்கு எப்படி வந்தது, வராத காலத்தில் சனம் எதைத் தின்றது என்பதெல்லாம் வழியிலேயே கிடைக்கும்.

மாங்குளத்தில் ஏ9 குறுக்கே போகிறது. பக்கத்திலேயே வடபகுதி ரயில் பாதை. போரில் அழிந்த அந்தத் தண்டவாளத்தில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சி வரை மீண்டும் ரயில் ஓடியது. தூரப் பயணக்காரர் இறங்கித் தேநீர் குடிக்கிற சந்தி இது. வாய்ப்பன், றோல்ஸ், மாலையானால் கொத்து ரொட்டி. பருவ காலத்தில் வீதியோரம் பாலைப்பழம் வைத்து விற்பார்கள். கையெல்லாம் பால் ஒட்டினாலும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் சந்திக் கடையில் கிடைக்கிற பாண் பெரும்பாலும் எங்கோ சுட்டு வானில் வந்து இறங்கியது. இங்கே பாணுக்காக நிற்கத் தேவையில்லை.

ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு தாண்டினால் காடு. பிறகு ஒட்டுசுட்டான்: தான்தோன்றீஸ்வரர் கோயில், ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பேர்போன களிமண், முத்தையன்கட்டுக் குளத்து வயல்கள், கச்சான் தோட்டங்கள். நெல்லும் விறகும் உள்ள ஊர். கோதுமை மட்டும் இந்தத் தீவில் எங்குமே விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமையை அரைக்கிற திருகோணமலை பிரிமா ஆலை 1980 முதல் இயங்குகிறது. ஆக, இந்த வீதியில் நெல் வெளியே போகிறது, மா உள்ளே வருகிறது.

என் வாக்கு முள்ளியவளைப் பக்கத்துக்கு. கடைக்காரரிடம் "அண்ணை, போறணை விறகோ? பாண் எத்தினை மணிக்கு இறக்குவீங்கள்?" என்று கேட்டால் போதும், மற்றதெல்லாம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். விறகுப் போறணையில் செங்கல் அறைக்குள்ளேயே விறகை எரித்து, தணலை வெளியே இழுத்து, உள்ளே துடைத்துவிடுவார்கள். அதன் பிறகு நெருப்பு இல்லை. செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூடுதான் பாணை வேகவைக்கிறது. சூடு கூடினால் மேல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும், குறைந்தால் பாண் எழும்பாது. கையை வாயிலில் நீட்டியே பதம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அச்சுப் பாணைவிட றோஸ் பாணையே நான் உயர்வாக வைப்பேன். அதன் அடி நேரே சூட்டுக் கல்லில் பட்டு மொறுமொறுக்கும். இறக்கி அரை மணித்தியாலத்துக்குள், கத்தி வைக்காமல் பிய்த்து, இடித்த சம்பலோடு தின்ன வேண்டும். நாப்போலியில் போய்ச் சொன்னாலும் இந்த விதியை ஒப்புக்கொள்வார்கள்.

2022இல் எரிவாயு இல்லாமல் நாட்டின் பல பேக்கரிகள் பூட்டப்பட்டன. விறகுக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் மா விலை அவர்களையும் விடவில்லை. வன்னிக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்திலும், 2006 ஆகஸ்டில் ஏ9இன் முகமாலை வாயில் பூட்டப்பட்ட பின்பும், இங்கே ஒரு இறாத்தல் பாண் எந்தச் சோதனைச் சாவடி எதை விட்டது என்பதைப் பொறுத்தே கிடைத்தது.

முள்ளியவளையில் இடப்பக்கம் திரும்பினால் வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்தில் கண்ணகி அம்மன் கோயில். வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். அந்த உப்புநீரில் விளக்கு எரியும் என்பது நம்பிக்கை. பிறகு வற்றாப்பளையில் பொங்கல், நாலு பக்கத்திலிருந்தும் சனம். பாணுக்கு இந்த முற்றத்தில் இடமில்லை. வயலில் விளைந்த அரிசிதான் அம்மனுக்கு.

கோயிலடியில் நின்று பார்த்தால் நீருக்கு அப்பால் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. அதுதான் முள்ளிவாய்க்கால். 2009இல் போரின் முடிவில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே அடைபட்ட சனத்துக்குக் கடைசியில் எஞ்சியது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அதற்கும் வரிசையில் நின்றார்கள், அந்த வரிசைகளில் செத்தும் போனார்கள். இப்போது ஒவ்வொரு மே மாதமும் வீதியோரங்களிலும் கோயில்களிலும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். பால் சேர்த்து, ருசி கூட்டிக் காய்ச்சுவது தவறு என்பது என் எண்ணம். அன்று இருந்தபடியே பிள்ளைகள் குடித்துப் பார்க்க வேண்டும்.

திரும்பி ஏ34இல் ஏறினால் தண்ணீரூற்று, கொஞ்ச நேரத்தில் முல்லைத்தீவு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து அள்ளிக்கொண்டு போன இடம். அதே கடலுக்குத்தான் வள்ளங்கள் மறுபடியும் போகின்றன. சூடை மீன் குழம்பு புளிப்பும் உறைப்புமாக வைக்கிற வீடுகள் இங்கே நிறைய. அந்தக் குழம்புக்குச் சோற்றைவிட பாண்தான் பொருத்தம், அதுவும் அடி மொறுமொறுத்த றோஸ் பாண். முள்ளியவளையில் வாங்கும்போது பின்னேரம் இறக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். காலைப் பாண் அதற்குள் இறுகியிருக்கும்.