பிரெண்டு

ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘பிரெண்டு’ என்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் எங்களுக்கே சிரிப்பு வரும். பேனா இரவல் தந்தவள் பிரெண்டு. பஸ்ஸில் இடம் பிடித்தவள் பிரெண்டு. சண்டை என்றால் ‘காய்’, மறுநாள் ‘பழம்’. அண்ணன்மார் முறை பாராமல் ஒருவரை ஒருவர் ‘மச்சான்’ என்கிறார்கள். மேடை ஏறியவருக்கு ஊரே ‘நண்பர்களே’, பொதுவுடைமைக் கட்சியினருக்குத் ‘தோழர்’. முகநூலிலோ முகம் அறியாதவரும் நண்பர்தாம்!

முன்னோர் இவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. தோழி என்பவள் செவிலித்தாயின் மகள் என்கிறது தொல்காப்பியம். கூடவே வளர்ந்தவள் என்று பொருள். வள்ளுவர் ‘நட்பு’ என ஓர் அதிகாரம் எழுதியதோடு நிற்காமல், நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று மேலும் நான்கு எழுதினார்.

பிசிராந்தையார் பாடம் நடந்த நாளை மட்டும் எங்களால் மறக்க முடியவில்லை. அவர் பாண்டிய நாட்டுப் புலவர். கோப்பெருஞ்சோழனைக் கண்டதே இல்லை. உயிர் துறக்க வடக்கிருந்த மன்னன், ‘அவர் வருவார், இடம் ஒதுக்குங்கள்’ என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார்.

அன்று எங்கள் பெஞ்சிலும் ஓர் இடம் காலி. நால்வரில் ஒருத்தி மூன்று வாரமாக வரவில்லை. அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் தறி வேலைக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். பரீட்சை, மழை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அவள் வீடு மூன்று தெரு தள்ளித்தான்! பாண்டிய நாட்டிலிருந்து உறையூருக்கு நடந்தவர் கதையைக் கேட்டபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மாலையே போனோம். வாசலில் பாட்டி.

“யாரு கண்ணு நீங்க?”

“அவ பிரெண்ட்ஸ், பாட்டி.”

“பிரெண்டா? இவ்ளோ நாளா எங்க போயிருந்தீங்க?”

பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளே அவள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றைத் தவற விட்டாலும் சேலையில் தெரியுமாம். அவள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பாட்டியின் கேள்வியைவிட அதிகம் சுட்டது.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் அங்கேதான். ஒருத்தி நோட்டுகளைப் படித்துக் காட்டுவாள், மற்ற இருவரும் முறை வைத்துத் தார் சுற்றுவோம். பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “யாரு இந்தப் பொண்ணுங்க?” என்றார். “நம்ம பொண்ணோட கூட்டாளிங்க” என்றார் பாட்டி.

அடுத்த திங்களன்று அவள் பள்ளிக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, நாங்கள் சுற்றிய தார் எல்லாம் தொளதொள என்று இருந்ததால் அவள் அப்பா இராத்திரியில் மறுபடி சுற்றினார் என்பதைத்தான்.