மழை ஊரில் ஒரு வீடியோ கடை

சியாட்டிலுக்கு வரும் அப்பா அம்மாக்களுக்குக் காட்ட, இங்குள்ள பிள்ளைகளிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. ஸ்பேஸ் நீடில், பைக் பிளேஸ் மார்க்கெட்டில் மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் கடை, பழைய ஸ்டார்பக்ஸ் வாசலில் ஒரு போட்டோ, வானம் வெளுத்திருந்தால் மவுண்ட் ரெய்னியர். முதல் வாரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்து எங்கே போகலாம் என்று மகள் கேட்டபோது, ஸ்கேர்குரோ வீடியோ என்றேன்.

"அது என்னப்பா, சோளக்கொல்லை பொம்மை கடையா?"

"வீடியோ கடைம்மா. கேசட்டு, டிவிடி வாடகைக்குக் கொடுக்கிற கடை."

"இன்னுமா அதெல்லாம் இருக்கு? உங்களுக்கு எந்தப் படம் வேணும், சொல்லுங்க. இப்பவே டிவில போடறேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உலகத்தின் பாதி 'கிளவுடு' இந்த ஊர்க் கட்டடங்களில் இருந்துகொண்டுதான் நடத்தப்படுகிறது. மாப்பிள்ளைக்கும் அதில்தான் வேலை. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு டிவிடி கடைக்கு வழி கேட்பது, திருப்பதியில் இறங்கி மொட்டை போட பழனிக்கு வழி கேட்பது போலத்தான்.

மறுநாள் நானே கிளம்பினேன். 2021-ல் திறந்த யு டிஸ்ட்ரிக்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த தெருக்களைத் தாண்டி ரூஸ்வெல்ட் வே சாலைக்கு நடந்தால் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தூறிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் தூறலுக்குக் குடை பிடிப்பவன் வெளியூர்க்காரன். நான் பிடித்துக்கொண்டுதான் போனேன்.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. பிளாஸ்டிக்கும் பழைய அட்டையும் கலந்த அந்த வாசனை, 80-களில் நம் தெருமுனை வீடியோ லைப்ரரியில் அடித்த அதே வாசனை. ஆனால் அளவுதான் வேறு. நம் கடையில் மூன்று பீரோ கேசட் இருந்தாலே பெரிய கடை. இங்கே 1,40,000-க்கும் மேல் படங்கள்! ஆள் உயரத்துக்கு மேல் தட்டுகள், நடுவில் ஒருவர் நடக்கும் இடைவெளி. டிவிடி, புளூரே, விஹெச்எஸ் கேசட், சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள லேசர் டிஸ்க் எல்லாம் உண்டு.

1988-ல் ஜார்ஜ் லட்சியோஸ், ரெபெக்கா லட்சியோஸ் என்ற தம்பதி சில நூறு கேசட்டுகளோடு ஆரம்பித்த கடை இது. 1993-ல் இந்த இடத்துக்கு வந்தது. லாபத்துக்கு நடத்த முடியாது என்ற நிலை வந்தபோது, 2014-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி லாப நோக்கமில்லாத அமைப்பாக மாறியது. ஒரு நூலகத்தை நடத்துவது போலத்தான் இப்போது நடத்துகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இயக்குநர்கள் வரிசை. ஹிட்ச்காக்குக்கு ஒரு இடம், ஜான் ஃபோர்டுக்கு ஒரு இடம், பில்லி வைல்டருக்கு ஒரு இடம். பெட்டிகளை எடுத்துப் பின்பக்கம் படித்துக்கொண்டே நின்றதில் ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. டிவியில் படம் தேடும்போதும் ஒரு மணி நேரம் போகிறதுதான். ஆனால் அதில் கடைசியில் தூக்கம்தான் வரும்.

இப்படி ஒரு கடை எப்படிச் சாத்தியம் என்று கேட்டால், பதில் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஹாலிவுட் படங்களைக் கேசட்டாக விற்கும் வியாபாரம் 1977-ல் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தில் ஆந்த்ரே பிளே என்பவர் ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் 50 படங்களுக்கு உரிமை வாங்கி விற்றார். கேசட் விலை அதிகம். அதனால் வாங்கியவர்கள் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். முறைப்படி ஒரு பிரதியை விலைக்கு வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம், வாடகைக்கு விடலாம், ஸ்டுடியோவிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை என்பது அங்கே சட்டம். வீடியோ கடை என்ற ஒன்று அமெரிக்கா முழுக்க முளைத்தது இந்த ஒரு விதியால்தான். 1990-ல் வாங்கிய கேசட்டை இந்தக் கடை இன்றைக்கும் வாடகைக்கு விடலாம்.

ஸ்ட்ரீமிங்கில் இந்தக் கதை நடக்காது. அங்கே படம் குத்தகைக்கு வருகிறது. குத்தகை முடிந்தால் போய்விடுகிறது. 'வாங்கு' என்ற பட்டனை அழுத்திக் காசு கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதிதான். அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டு, அது 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். சில வருடங்களுக்கு முன் போனில் காசு கொடுத்து 'வாங்கிய' ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒரு நாள் என் பட்டியலில் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதற்காக டிஸ்க் சாகாவரம் பெற்றது என்று சொல்ல மாட்டேன். சென்னை வீட்டில் எனக்கு முந்நூறு சொச்சம் டிவிடிகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, என் மனைவியின் பட்டுப்புடவை பீரோவில் கீழ்த்தட்டு எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு பாதுகாத்தும் சில டிஸ்க்குகள் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போய்விட்டன. கண்ணுக்கு ஒரு கீறல் தெரியாது. படம் பாதியில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அச்சடித்தபோது உள்ளடுக்கை ஒழுங்காக ஒட்டாததால் வருவது இது. சேகரிப்பவர்களுக்கு இருக்கும் பெரிய பயமே இதுதான்.

கெட்டுப்போனால் வேறு வாங்கலாமே என்றால், அங்கேதான் இப்போது சிக்கல். கடைசியாக விஹெச்எஸ் பிளேயர் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் 2016-ல் நிறுத்தியது. தபாலில் டிவிடி அனுப்பியே வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை மூடியது. அமெரிக்காவின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையான பெஸ்ட் பை 2024-ல் டிஸ்க் விற்பனையைக் கைவிட்டது. அதே ஆண்டு இறுதியில் எல்ஜி புளூரே பிளேயர் செய்வதை விட்டது.

புதுப்படங்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அடிவாங்குவது 1930, 40, 50-களின் படங்கள். பத்தாயிரம் பேர் வாங்கும் படத்தை அச்சடிப்பார்கள். எண்ணூறு பேர் மட்டும் கேட்கும் படத்தை யார் அச்சடிப்பது? இதற்கு வார்னர் ஸ்டுடியோ 2009-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. 'வார்னர் ஆர்கைவ்' என்ற பெயரில், ஆர்டர் வந்தால் மட்டும் ஒரு டிஸ்க்கில் பதிவு செய்து அனுப்புவது. இட்லி வெந்து வைத்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருக்காமல், ஆள் வந்து உட்கார்ந்ததும் தோசை ஊற்றுகிற கணக்கு. முதலில் 150 படங்கள் போட்டார்கள். யாரும் சீண்டமாட்டார்கள் என்று கிடங்கில் கிடந்த எத்தனையோ படங்கள் அப்படித்தான் வீடுகளுக்கு வந்தன. பின்னால் அவற்றில் பலவற்றை நன்றாகச் சுத்தப்படுத்தி புளூரேவாகவும் கொடுத்தார்கள்.

ஆர்சன் வெல்ஸ் இருந்த தட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். அவருடைய 'த மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' 1942-ல் வந்தது. அவர் பிரேசிலில் வேறு வேலையாக இருந்தபோது ஆர்கேஓ ஸ்டுடியோ அதில் 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டி, முடிவையும் மாற்றி எடுத்து ஒட்டியது. வெட்டிய பகுதியின் நெகட்டிவை அழித்துவிட்டார்கள். பிரேசிலுக்கு அனுப்பிய பிரதியை இன்று வரை தேடுகிறார்கள். மிச்சமிருந்த படமாவது சுலபமாகக் கிடைத்ததா? அமெரிக்காவில் டிவிடி வந்தது 1997-ல். இந்தப் படம் அங்கே டிவிடியாக வந்தது 2011-ல். நடுவில் 14 வருடம், பழைய கேசட்டையும் லேசர் டிஸ்க்கையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களிடம்தான் படம் இருந்தது.

இன்னொரு படத்தின் கதை இதைவிட வேடிக்கை. எலெய்ன் மே 1972-ல் இயக்கிய 'த ஹார்ட்பிரேக் கிட்' ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். கம்பெனி கைமாறிக் கைமாறி, அதன் உரிமை போய்ச் சேர்ந்த இடம் ஒரு மருந்துக் கம்பெனி! மாத்திரை விற்பவர்களுக்குப் பழைய படத்தை வெளியிட என்ன அவசரம்? டிவிடி அச்சு நின்று வருடக்கணக்கில் ஆகி, கையில் வைத்திருந்தவர்கள் பெரிய விலை சொன்னார்கள்.

கல்லாவில் இருந்த இளைஞரிடம், இந்த மாதிரிப் படங்களை நம்பி எப்படி வெளியே கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ரொம்ப அரிதானவற்றுக்கு முன்பணம் வாங்குவோம், திருப்பித் தந்தால் பணமும் திரும்பும் என்றார். பிளேயர் இல்லாதவர்களுக்கு அதையும் வாடகைக்குத் தருகிறார்களாம். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் பிறந்தபோது கேசட்டே முடிந்துபோன காலம்.

அன்று மாலை, நான் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்ததும் மகள் போனை எடுத்துத் தட்டினாள். "அப்பா, இது யூடியூப்ல ஃப்ரீயாவே இருக்கு."

இருந்தது. நான் எடுத்து வந்தது 'ஷெரேட்'. 1963-ல் வந்த, கேரி கிராண்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்த படம். படத்தை வெளியிட்டபோது டைட்டிலில் காப்புரிமை அறிவிப்பைச் சரியாகப் போடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலச் சட்டப்படி அந்த ஒரு தவறிலேயே படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் காப்பி போடலாம். போட்டார்கள். தேய்ந்த பிரதியிலிருந்து ஒருவர், அந்தக் காப்பியிலிருந்து இன்னொருவர் என்று மலிவு டிவிடிகள் குவிந்தன. நானே சென்னையில் நடைபாதைக் கடையில் ஒன்று வாங்கி, பாரிஸ் நகரமே பாசி பிடித்தது போல இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"ரெண்டையும் போட்டுப் பாரேன்" என்றேன்.

வீட்டில் டிஸ்க் போட ஒரே இடம், பேரன் விளையாடும் எக்ஸ்பாக்ஸ் பெட்டி. அதற்கும் ஒரு ஆப் இறக்க வேண்டியிருந்தது. பேரன்தான் செய்து கொடுத்தான். அதில் டிஸ்க் போடும் வாய் இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. முதலில் போன் பிரதியில் டைட்டிலைப் பார்த்தோம். பிறகு டிஸ்க். மாரிஸ் பைண்டர் வடிவமைத்த அந்த டைட்டிலில் கலர் கலராக அம்புகள் சுழலும், பின்னால் ஹென்றி மான்சினியின் இசை ஓடும். போனில் ஆரஞ்சும் பச்சையும் கலந்து சாயம்போன லுங்கி மாதிரி இருந்தது, டிஸ்க்கில் அப்போதுதான் வண்ணம் அடித்தது போல ஈரமாக இருந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

படம் எடுத்தபோது கேரி கிராண்டுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தன்னில் பாதி வயதைச் சற்றே தாண்டிய பெண்ணைத் துரத்திக் காதலிப்பதாக நடிக்க அவருக்குக் கூச்சம். அதனால் கதாநாயகிதான் அவரைத் துரத்துவதாக வசனத்தை மாற்றினார்கள். இதை நான் சொன்னதும் என் மனைவி, "பரவாயில்லையே, கூச்சமாவது இருந்திருக்கு" என்றாள். நம் ஊர் நாயகர்கள் இரண்டு மூன்று பேர் அவள் மனதில் வந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

சியாட்டில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கடையில் விலைக்கும் டிஸ்க் கிடைக்கும். ஆசைப்பட்டு அள்ளாதீர்கள். அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம்முடையது ரீஜன் 5. புளூரேவில் அவர்களுக்கு ஏ, நமக்கு சி. பூட்டு போட்ட டிஸ்க் நம் வீட்டு பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குகளுக்கு மட்டும் அந்தப் பூட்டு கிடையாது. பெட்டியின் பின்பக்கம் சின்ன உலகப்படம் போல ஒரு குறி இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். நான் இரண்டு தடவை ஏமாந்தவன்.

2024-ல் இந்தக் கடை வெளிப்படையாகக் கையேந்தியது. 18 லட்சம் டாலர் திரட்டாவிட்டால் தொடர்ந்து நடத்துவது சிரமம் என்று அறிவித்தார்கள். கடை மூடினால் இந்தக் குவியலை அப்படியே வாங்கி வைக்க ஆள் கிடைப்பது கடினம். உதிரியாக விற்றால் நல்லவை சேகரிப்பவர்களின் வீட்டுக்குப் போகும், யாருக்கும் தெரியாத கேசட்டுகள் குப்பைக்குப் போகும். நம்முடைய முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு சுருள் இருந்திருந்தால்கூடப் போதும்.

மூன்றாம் நாள் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு நடிச்சது வேற படம் இருந்தா எடுத்துட்டு வாங்க."

'ரோமன் ஹாலிடே'யோடு திரும்பியபோது மழை விட்டிருந்தது.