சுக்கு வெந்நீரும் சொல்லாத கஷாயமும்

எங்கள் வீட்டில் வயிற்றுக்கு ஏதாவது என்றால் டாக்டருக்கு முன்னால் அஞ்சறைப் பெட்டிதான் திறக்கும். பொருமல் என்றால் ஓமத் தண்ணீர், ஏப்பம் என்றால் சுக்கு வெந்நீர், விருந்து சாப்பிட்ட மறுநாள் வீடு முழுக்க மிளகு ரசம். என் மாமியாருக்குச் சாத்தான்குளம் பக்கம். அந்தச் சுற்றுவட்டார மானாவாரி நிலங்களில் நிலவாகை பயிராகும். பேதிக்குக் கொடுக்கிற அதன் இலை தூத்துக்குடியில் கப்பலேறி, வெளிநாட்டு மருந்துக் கடைகளில் 'டின்னவெல்லி சென்னா' என்று எங்கள் ஊர்ப் பெயரோடேயே விலைபோகிறது. "ஊர் உலகத்துக்கே வைத்தியம் பாக்கிற இலை, நம்ம பிள்ளைக்கு ஆகாதா?" என்பது அத்தையின் கட்சி. இந்த இலைதான் என்னை ஒரு நாள் பொய் சொல்ல வைத்தது.

2018-ல் என் கணவருக்கு மாலையானால் காய்ச்சல், வலது அடிவயிற்றில் வலி, எடையும் இறங்கிக்கொண்டே போயிற்று. வாயு, வாயு என்றே மூன்று மாதத்தைக் கழித்தோம். ஸ்கேன், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் முடிந்தபின் குடலில் டி.பி. என்றார்கள். நெஞ்சுக்கு வருவதுதான் டி.பி. என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடம் புண்ணாகி, பென்சில் கனத்துக்குச் சுருங்கிவிட்டிருந்தது. சிறுகுடலின் கடைசித் துண்டையும் பெருங்குடலின் ஆரம்பத்தையும் எடுத்துவிட்டு இரண்டையும் இணைத்துத் தைத்தார்கள். கூடவே டி.பி. மாத்திரைகள், ஆறு மாதத்துக்கு.

வீட்டுக்கு வந்தபின்தான் கஷ்டமே ஆரம்பித்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இனி என்ன என்று இருந்தவளுக்கு, மனிதர் ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை பாத்ரூமுக்கு ஓடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. போன இடம் எரியும். வயிறு கடகடவென்று இரையும். சாப்பிட உட்காரவே பயந்தார்.

அத்தை களத்தில் இறங்கினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், பல விஷயங்களில் அவர்கள் கை பலித்தது. ஜவ்வரிசி இரண்டு மேஜைக்கரண்டி ஊறவைத்து, கண்ணாடி மாதிரி வேகவிட்டு, உப்புப் போட்டு மோர் கலந்து கொடுத்தோம். குழைய வடித்த சாதத்தில் நீர் மோரும், சுக்குத்தூளும் பெருங்காயமும் சிட்டிகை சிட்டிகையாக. தோலெடுத்து வேகவைத்து மசித்த வாழைக்காய். இவையெல்லாம் மலத்தைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தின. ஓமம் அரை டீஸ்பூன், ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, வெதுவெதுப்பாகச் சிறிது சிறிதாகக் குடித்தால் அவருக்கு ஏப்பம் வந்து வயிறு லேசாகும். சர்ஜனிடம் கேட்டேன். "சாப்பாட்டு அளவில் தாராளமாகக் கொடுங்கள், பேதியாகிற நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அதையும் கொடுங்கள்" என்றார்.

ஆனால் சுண்டவற்றல் குழம்புக்குத் தடை விழுந்தது. தோலும் விதையுமாக இருப்பவை, கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் ஆறு வாரத்துக்குக் கூடாது. தைத்த இடம் வீங்கியிருக்கும், சக்கை போய் அடைத்துக்கொள்ளும் என்றார். அத்தைக்கு இதில் மனத்தாங்கல். "வயித்துப் புண்ணுக்கு வத்தலைவிட வேற மருந்து உண்டா?" என்று இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை!

இன்னொரு கூத்து. டி.பி. மாத்திரையில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு "உடம்பு சூடு" என்று முடிவுகட்டி, யாரோ கொடுத்த ஒரு சூரணத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். நல்லவேளை, அன்று டாக்டரிடம் போகிற நாள். அந்த மாத்திரைகளே கல்லீரலுக்குச் சுமை, என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தை அதன்மேல் ஏற்றாதீர்கள் என்றார் அவர்.

ஒரு மாதமாகியும் பேதி முழுக்க நிற்கவில்லை. காரணத்தை டாக்டர் படம் போட்டு விளக்கினார். ஈரலிலிருந்து வரும் பித்தநீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதைத்தான் இவருக்கு எடுத்தாகிவிட்டதே! உறிஞ்சப்படாத பித்தநீர் பெருங்குடலுக்குள் இறங்கி நீராய்ப் போக வைக்கிறது, எரிகிறது. இதற்கு ஓமமும் சுக்கும் என்ன செய்யும், பாவம்? பித்தநீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். அது மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளுமாம். ஆகவே அவற்றைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்தே இந்தப் பொடி. ஒரே வாரத்தில் ஏழு தடவை இரண்டாயிற்று.

நாலாவது மாதம். இரண்டு நாளாக அவருக்கு வெளிக்குப் போகவில்லை. வயிறு உப்பலாக இருந்தது. பொடி மலத்தைக் கட்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நானும் அதிகம் கவலைப்படவில்லை.

"ஏளா, பொடி கட்டிப் போட்டுட்டு. ஒரு மடக்கு நிலவாகைக் கசாயம் குடுத்தா காலையில சரியாப் போயிரும்" என்றார்கள் அத்தை. ராத்திரி ஒன்பது மணிக்கு அரை டம்ளர். டம்ளரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தவள் நான்தான். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போமா என்று தோன்றியது. இவ்வளவு செய்கிற மனுஷியை எப்படிச் சந்தேகப்படுவது என்று வாயை மூடிக்கொண்டேன்.

விடிகாலை மூன்று மணிக்கு அவர் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். வலி அலை அலையாக வந்து முறுக்கிற்று. வயிறு மத்தளமாய் இறுகியிருந்தது. காற்றுக்கூடப் பிரியவில்லை. பச்சையாக வாந்தி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் குடல் அடைப்பு என்றார்கள். வயிற்றைத் திறந்து தைத்தவர்களுக்கு உள்ளே தழும்புப் பட்டைகள் உண்டாகிக் குடலை ஒட்டவைத்து மடக்கிவிடுமாம். அது மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும்.

"நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீங்களாம்மா?"

அத்தை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்தபடி. "இல்லை டாக்டர்" என்றேன்.

பத்து நிமிஷம்தான் தாங்கிற்று. வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மட்டும் கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "நிலவாகை நல்ல மருந்துதாம்மா, சாதாரண மலச்சிக்கலுக்கு நாங்களே மாத்திரையாகத் தருகிறோம். குடலைச் சுருக்கித் தள்ளவைப்பதுதான் அதன் வேலை. வழி அடைபட்டிருக்கும்போது தள்ளினால் வலி கூடும், குடல் ஓட்டை விழவும் கூடும். இது தெரிந்தால்தான் இவர் வலியை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும்."

வயிறு இறுகி உப்பி, மலமும் காற்றும் இரண்டுமே நின்று, வலி விட்டு விட்டு வந்து, வாந்தியும் இருந்தால் வாயில் எதுவுமே கொடுக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி என்றார். விளக்கெண்ணெய் கூடாது. சாதுவான இசப்கோல்கூடக் கூடாது. அது தண்ணீரில் ஊதிப் பெருத்து அடைப்பிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

மூக்கு வழியாகக் குழாய், கையில் டிரிப்ஸ், வாய்க்கு ஒன்றும் கிடையாது. இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பெருஞ்சத்தத்தோடு காற்றுப் பிரிந்தது. சங்கீதக் கச்சேரிக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை! அத்தை சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று, இனி அஞ்சறைப் பெட்டியையே மூடிவிட வேண்டியதுதானா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் ஜப்பான் சமாசாரத்தைச் சொன்னார். அங்கே குடல் ஆபரேஷனுக்குப் பின் வருகிற பொருமலுக்கு 'டாய்கென்ச்சூதோ' என்ற மூலிகைப் பொடியை டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்களாம். பதப்படுத்திய இஞ்சி, ஜின்செங் வேர், சான்ஷோ என்ற ஒருவகை மிளகு, இவற்றோடு மால்டோஸ் சர்க்கரை. அந்தச் சான்ஷோ, கொங்கணிக்காரர்கள் மீன் குழம்பில் போடும் திரிபலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சோதனைகளில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலன் வந்துவிடவில்லை. ஆனால் அளவு இன்னது, யாருக்கு, ஆபரேஷனாகி எத்தனையாவது நாள் என்று எழுதிவைத்துக்கொண்டு கொடுக்கிறார்கள். "நீங்களும் எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். சுக்கு அங்கேயும் இருக்கிறது என்று கேட்டதில் அத்தைக்கு ஒரே பெருமை.

அன்றிலிருந்து சமையலறைக் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் எங்கள் ஏடு. என்ன கொடுத்தோம், எவ்வளவு, எப்போது, வயிறு என்ன சொல்லிற்று. எழுதுவது நான், சொல்வது அத்தை.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது டாக்டர் வழக்கம்போல் என்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து, "புதன்கிழமை ஓமத் தண்ணி ஒரு தம்ளர், வெள்ளிக்கிழமை சுக்கு வெந்நி அரைத் தம்ளர். வேற ஒண்ணும் குடுக்கலை, அய்யா" என்று ஒப்பித்துவிட்டு, மடியிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள்.