காத்மாண்டுவில் கத்தி வாங்கப் போனோம்!

நேபாள யாத்திரை போய் வருகிறவர்கள் என்னென்ன வாங்கி வருவார்கள்? ருத்ராட்சம், சாளக்கிராமம், கம்பளிச் சால்வை, பாசிமணி மாலை. இவற்றோடு ஒரு கத்தியும் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. 'குக்ரி' என்று நாம் சொல்லும் வளைந்த கத்திதான். நேபாளத்தில் 'குகுரி' என்கிறார்கள். கூர்க்கா சிப்பாய் என்றதுமே நம் மனதில் வருகிற அதே கத்தி.

"கத்தியில் பெண்களுக்கு என்ன அக்கறை?" என்று யாராவது கேட்டால் விட்டுவிடாதீர்கள். வீட்டில் தினமும் அதிக நேரம் கத்தி பிடிப்பது யார் கை? கத்தியைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

நாங்கள் பதினாறு பேர் முக்திநாத் போயிருந்தோம். 3,700 மீட்டருக்கு மேலான உயரத்தில், உறைய வைக்கும் குளிரில், 108 தாரைகளில் தலையை நனைத்து தரிசனம் முடித்து காத்மாண்டு திரும்பினோம். ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. மறுபடி பசுபதிநாதரைச் சேவித்தது போக மிச்ச நேரமெல்லாம் கடைத்தெருதான்.

வெளிநாட்டுப் பயணிகள் கூடும் இடம் தமேல். குறுகலான தெருக்கள், தலைக்குமேல் வண்ணத் துணிக்கொடிகள், இரண்டு பக்கமும் கடைகள். அதில் ஒரு கத்திக் கடை வாசலில் எங்கள் குழுவில் வந்த திருச்சி மாமி நின்றுவிட்டார்.

"என்னமா பளபளங்கறது பாரேன்! பேரன் கம்ப்யூட்டர்ல விளையாடறானே, அதுல வர்ற கத்தி மாதிரியே இருக்கு. அவன் இதைத்தான் கேட்டான்."

கண்ணாடிக்குப் பின்னால் வெல்வெட் மெத்தையில் படுத்திருந்தது அந்தக் கத்தி. ஒரு முழத்துக்கு மேல் நீளம். முதுகில் ரம்பம் போலப் பல், நுனியில் ஒரு கொக்கி. பிடியில் பித்தளைச் சிங்கத் தலை, அதன் கண்ணில் சிவப்புக் கல். அலகு முழுக்க அலை அலையாய்க் கோலம். நடுவில் நெருப்புக் கக்கும் டிராகன்.

விலை 12,000 நேபாள ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் 1 ரூபாய் 60 பைசா. 1993 முதல் இந்தக் கணக்கு மாறவில்லை. அப்படியானால் நம் பணத்தில் 7,500 ரூபாய்!

"டமாஸ்கஸ் ஸ்டீல் அம்மா! உறையை விட்டு உருவினால் ரத்தம் பார்க்காமல் திரும்ப உள்ளே போகாது" என்று கடைக்காரர் கதை வேறு சொன்னார். மாமிக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்குச் சந்தேகம்தான் வந்தது. என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன்: "இதால் ஒரு வெள்ளரிக்காய் நறுக்க முடியுமா?"

கடைக்காரர் சிரித்தார். "இது அலங்காரத்துக்கு அம்மா, சுவரில் மாட்டலாம்."

"நாளைக்கு வர்றோம்" என்று மாமியை மெதுவாக வெளியே அழைத்து வந்தேன்.

மறுநாள் காலை சுயம்பூ ஸ்தூபிக்குப் போகிற வழியில், சௌனியில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்காக இருந்த இடம், 1928-ல் அருங்காட்சியகமானது. பீரங்கி, வாள், ஈட்டி என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். கோர்க்கா ராஜ்யத்தை 1559-ல் ஏற்படுத்திய திரவிய ஷாவினுடையது என்று சொல்லப்படும் குக்ரியும் அங்கேதான் இருக்கிறது. சிங்கமும் இல்லை, கல்லும் இல்லை. ஒரு குடியானவன் இடுப்பில் இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டோம், அத்தனை எளிமை!

1814 முதல் 1816 வரை நேபாளத்தோடு போரிட்ட ஆங்கிலேயர், கூர்க்காக்களின் வீரத்தைப் பார்த்து, 1815-லேயே அவர்களைத் தம் படையில் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் போரில் பேர் வாங்கியதும் இந்த எளிய கத்திதான். வெள்ளி வேலைப்பாடு செய்த குக்ரிகளும் உண்டு. 'கோதிமோரா' என்று பெயர். படை அதிகாரிகள் ஓய்வு பெறும்போது மரியாதையாகக் கொடுப்பது. அங்கே அலங்காரமெல்லாம் உறையில்தான்.

"ராஜாவே இப்படித்தான் வெச்சிண்டிருந்தாரா?" என்றார் மாமி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

அங்கிருந்து நேராக அசன் கடைத்தெரு. நம் ஊர்ப் பெரிய கடைவீதி மாதிரி, ஆறு தெருக்கள் வந்து சேரும் முச்சந்தி. நடுவில் அன்னபூரணி கோயில். உள்ளே அம்மனுக்குப் பதில் ஒரு வெள்ளிக் கலசம்தான். சுற்றிலும் அரிசி, பருப்பு, மசாலா, பித்தளைப் பாத்திரம். சமையலறைச் சாமான் வாங்க அன்னபூரணி சன்னதியைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஒரு இரும்புக் கடையில் மாமி "அடி இது நம்ம அரிவாள்மனை இல்லையோ!" என்று கூவிவிட்டார். உண்மைதான். மரப் பலகை, அதில் நிமிர்ந்து நிற்கும் வளைந்த அலகு. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் காய் நறுக்க வேண்டும். 'சுலேசி' என்கிறார்கள். விலை 800 நேபாள ரூபாய், நம் 500. கடைக்காரப் பெண்மணி ஒரு முள்ளங்கியை எடுத்து அதிலேயே நறுக்கிக் காட்டினார். காகிதம் போல விழுந்தது. "இதை யார் செய்வது?" என்றதும், நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பட்டறைக்கு வழி சொன்னார்.

டாக்ஸி பிடித்துப் போனோம். தகரக் கூரை, கரி நெருப்பு, மூன்று பேர். அண்ணனை நேபாளத்தில் 'தாயி' என்று கூப்பிடுகிறார்கள். மீசையும் கரி படிந்த கையுமாக இருந்தவரை "தாயி" என்று நான் கூப்பிட, மாமிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் எங்களை "திதி", அதாவது அக்கா என்றார். ஹிந்தி நன்றாகப் பேசினார்.

குக்ரிக்கு எஃகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டை! நம் ஊரில் அரிவாள் அடிக்கிற கொல்லர்களும் இதைத்தான் தேடி வாங்குவார்கள். அத்தனை பாரத்தைத் தாங்கி, வளைந்து நிமிர்ந்த எஃகு ஆயிற்றே. அதைத் துண்டாக்கி, பழுக்கக் காய்ச்சி, ஒருவர் இடுக்கியில் பிடிக்க இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போடுகிறார்கள். முதுகு கனமாக, வாய் மெல்லிசாக, வயிறு சற்றுப் பருத்து அந்த வளைவு உருவாகிறது.

எங்களை வியக்க வைத்தது கடைசி வேலை. பதம் வைக்கக் கத்தியை முழுசாகத் தண்ணீரில் முக்கவில்லை. டீக் கெட்டிலை எடுத்து, சிவந்திருந்த அலகின் வாய்ப் பக்கம் மட்டும் மெல்லிய தாரையாக ஊற்றினார். "சொய்ங்" என்ற சத்தம், ஆவி, அவ்வளவுதான். தண்ணீர் பட்ட வாய்ப் பக்கம் கெட்டிப்பட்டுக் கூர் நிற்கும். முதுகு அத்தனை கெட்டியாகாததால் அடி தாங்கும், உடையாது. பிடிக்குள் போகும் வாலை 'லாகா' என்ற பிசினால் ஒட்டுகிறார்கள், நம் அரக்கு போல. உறையில் பெரிய கத்தியோடு இரண்டு குட்டிகளும் உண்டு. 'கர்தா' சின்ன வேலைகளுக்கு. கூர் இல்லாத 'சக்மக்' தீட்டவும், கல்லில் தட்டி நெருப்பு உண்டாக்கவும்.

மாமி கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த சிங்கத் தலைக் கத்தியின் படத்தைக் காட்டினார். தாயி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கத்தி இல்லை திதி, பொம்மை. எவர்சில்வர் தகடு வெட்டியே வந்துவிடும். பிடி மாட்டி மெருகு போட்டுக் கொடுப்போம். வால் விரற்கடைதான் உள்ளே இருக்கும். ஓங்கினால் அலகு தனியே பறக்கும். இந்தக் கோலம் அமிலத்தில் போட்டது."

நிஜமான டமாஸ்கஸ் வாளின் அலைக்கோலம் மேலே போட்டதல்ல, எஃகுக்குள்ளேயே இருப்பது. அந்த எஃகுக் கட்டிகள் ஒரு காலத்தில் நம் தென்னாட்டிலிருந்து கப்பலேறிப் போனவை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் நம்மிடமே விற்கிறார்கள்!

"ரத்தம் பார்க்காமல் உறைக்குள் போகாதாமே?" என்று கேட்டேன். உள்ளே இருந்த தாயியின் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். அவர் கையில் ஒரு பழைய குக்ரி, பூசணிக்காய் பிளந்துகொண்டிருந்தார்! விறகு, காய், கறி, வேலிக் கம்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றுதானாம்.

"அந்தப் பொம்மை 12,000-க்கு விற்றால் உங்களுக்கு எவ்வளவு?" என்றேன். ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்றார். ஒரு நல்ல குக்ரி அடிக்க ஒரு நாள் பிடிக்கிறது. அதற்குக் கேட்கிற விலைக்கோ எல்லோரும் பேரம் பேசுகிறார்கள்.

இவர்கள் 'காமி' எனப்படும் கொல்லர் வகுப்பு. விஸ்வகர்மா என்று பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். தாயியின் அப்பா காலத்தில் கூலி பணமாகக் கிடையாது. ஊராரின் கத்தி, மண்வெட்டி எல்லாம் வருஷம் பூராவும் செய்து கொடுத்தால் அறுவடையின்போது தானியம் அளப்பார்கள். "அப்பா அடித்த கத்தி வீட்டுக்குள் போகும் திதி, அப்பா போகமுடியாது. வாசலில் வைத்துவிட்டு நிற்பார்" என்றார் சாதாரணமாக. தீண்டாமையை நேபாளச் சட்டம் 1963-ல் விலக்கியது. 2011-ல் தண்டனையோடு தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் மலைக் கிராமங்களில் அது முழுக்கப் போய்விடவில்லை என்றார். அவருடைய பிள்ளை மலேசியாவில் வேலை பார்க்கிறான். சம்மட்டி பிடிக்க வர மாட்டானாம்.

அந்த அம்மாள் டீ கொண்டுவந்தார். வழி நெடுக, தானே பொங்கியதைத் தவிர வேறெதிலும் வாய் வைக்காத திருச்சி மாமி, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். "இஞ்சி தட்டிப் போட்டிருக்கா, நன்னாயிருக்கு" என்றார் என்னிடம்.

மாமி வாங்கியது ஒரு சின்னச் சமையல் கத்தி. மரப்பிடி, ஐந்து அங்குல அலகு, 700 நேபாள ரூபாய். பேரம் பேசவில்லை. பேரனுக்குக் கம்பளித் தொப்பி. "மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பான், வெச்சுக்கட்டும்" என்றார். நான் ஒரு சுலேசி வாங்கினேன்.

கத்தி வாங்கப் போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

விளையாட்டுக் கத்தி வெறும் பணநஷ்டம் மட்டுமல்ல. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்படாததாக இருந்தால், நம் நாட்டு ஆயுத விதிகள் அதை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. பிள்ளைகள் கையில் கொடுக்கிற சாமானா இது?

விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது. அட்டையும் துணியும் சுற்றி, சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள்.

குக்ரியை உருவும்போது உறையின் முதுகுப் பக்கத்தைப் பிடியுங்கள். வாய்ப் பக்கம் விரல் இருந்தால், பழைய உறையைக் கிழித்துக்கொண்டு அலகு வந்துவிடும்.

பிடியைக் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வால் பிடியின் மறுமுனை வரை போகிறதா என்று கேளுங்கள். ஒரு காகிதத்தை நறுக்கிப் பாருங்கள்.

பட்டறை இரும்பு துருப்பிடிக்கும். புளி, எலுமிச்சை பட்டால் கறுக்கும். உபயோகித்த உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

மழுங்கிய கத்திதான் கையை அறுக்கும். கூர் இல்லாததால் அழுத்துகிறோம், அழுத்தும்போது வழுக்குகிறது. சாணை பிடிப்பவர் தெருவில் வந்தால் கூப்பிடுங்கள்.

புரட்டாசி பிறக்கும் நாளில் அங்கே விஸ்வகர்மா பூஜை. சம்மட்டிக்கும் துருத்திக்கும் பொட்டு வைப்பார்கள். சில வாரங்களில் நமக்கும் ஆயுத பூஜை வரும். அரிவாள்மனைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, நெருப்பு முன்னால் நின்று அதை அடித்த கைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடுங்கள். அதைவிட முக்கியம், அடுத்த கத்தியை அந்தக் கையிடமே வாங்குங்கள்!