சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு

உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "ஹஜ்ரத், எத்தனை மணி நேரப் பயணம்?" என்பதுதான். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 4,400 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். சவூதி நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்தங்கியது. ஆகவே காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் இறங்கும்போது அங்கே பிற்பகல் 1.30 ஆகியிருக்கும்.

ஆயினும் உம்ரா செய்வோர் கணக்கிட வேண்டியது இறங்கும் நேரத்தை அன்று. மீகாத்தைக் கடக்கும் நேரத்தை. ஜித்தா மீகாத்துக்கு உள்ளே இருக்கும் ஊர் என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. விமானம் அவ்வெல்லையை வானிலேயே, தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி முன்பு கடந்துவிடும். கப்பலில் சென்ற நம் பாட்டனார்களுக்கு (மும்பை–ஜித்தா ஹஜ் கப்பல் 1995-இல் நின்றது) யலம்லம் நெருங்குவதறிந்து நிதானமாகக் குளித்து இஹ்ராம் அணிய அவகாசம் இருந்தது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில், முதியவர் ஒருவர் அந்தக் குறுகிய கழிவறையில் தைத்த ஆடையைக் களைவதற்குள் எல்லை பின்னால் போய்விடும். இஹ்ராமின்றிக் கடந்தவர் மீகாத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் 'தம்' கொடுப்பது கடமையாகும்.

ஆதலால் ஆண்கள் வீட்டிலேயே குளித்து, இஹ்ராம் துணியை உடுத்தியே விமானம் ஏறுவது நலம். நிய்யத்தையும் தல்பியாவையும் எல்லை நெருங்கும்போது வைத்துக்கொள்ளலாம். உறங்கிவிடுவோம் என்று அஞ்சுவோர் முன்னதாகவே நிய்யத் செய்யட்டும், அது செல்லும். முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரம் இல்லை.

இன்னொன்று: இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அப்பெட்டி ஜித்தாவில்தான் கைக்கு வரும்.