அடை மறந்த காடை

தோவாளையில் அந்தத் தெருவுக்கே அவர் தையல் அக்கா. முன்னறையில் ஒரு தையல் மெஷின், அதற்கு மேலே தாழத் தொங்கும் குண்டு பல்பு, ஜன்னலுக்கு வெளியே ஓயாத காற்று. கணவருக்குப் பூச்சந்தையில் கணக்கு எழுதும் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். வீட்டில் மாமியாரும், ஏழாம் வகுப்பு படிக்கும் மகனும்.

மகன் இரண்டு வருடமாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருந்தான். நாய் வளர்க்க இடமில்லை என்று அக்காவும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், கணவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மூடியைத் திறந்தால் பத்து காடைக்குஞ்சுகள். பண்ணையில் பொரித்து இரண்டே நாள் ஆனவை. மஞ்சளும் பழுப்புமாக முதுகில் கோடு போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் பந்து மாதிரி உருண்டு ஓடின.

காடைக்குஞ்சு பொரிக்கும்போது அதன் எடை ஏழெட்டு கிராம்தான். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை. பையன் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றான்.

ஆச்சி எட்டிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் பேரு வச்சிராதே. திங்குற சாமானுக்குப் பேரு வச்சா, அப்புறம் எப்பிடிலே திம்பே?"

அவர் சொன்னதில் தவறில்லை. நாகர்கோவில் பக்கம் போனால் பரோட்டாவோடு காடை வறுவல் வாங்கி வருகிற வீடுதான் அது.

கோழி வளர்த்த அனுபவம் ஆச்சிக்கு உண்டு. அக்காவுக்கும் கொஞ்சம் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் முதல் தவறுகள் நடந்தன.

குடிக்க ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். இரண்டு விரல் ஆழம் இருந்தால் அதிகம். மறுநாள் காலையில் ஒரு குஞ்சு அதற்குள் கிடந்தது. காடைக்குஞ்சுக்கு அந்த ஆழமே கிணறு. பையன் அழுதான். பிறகு தன் கோலிக்குண்டுகளைக் கொண்டுவந்து கிண்ணம் நிறையப் போட்டான். குண்டுகளின் இடுக்கில் நிற்கும் தண்ணீரை மட்டும் குஞ்சுகள் கொத்திக் குடித்தன. காடை வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்யும் ஏற்பாடு அது. அந்த வீட்டுக்கு ஒரு குஞ்சின் விலையில் தெரியவந்தது.

அடுத்தது, பெட்டிக்குள் விரித்த செய்தித்தாள். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் விரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு குஞ்சு எழுந்து நிற்க முடியாமல், இரண்டு கால்களும் இரண்டு பக்கம் விரிந்து வயிற்றில் கிடந்தது. அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் பார்த்த உடனே கேட்டார், "தரையில பேப்பரா?"

வழுக்கும் தரையில் குஞ்சுக்குக் கால் ஊன்றப் பிடி கிடைக்காது. எலும்பும் தசைநாரும் இளசாக இருப்பதால் கால் அகன்றபடியே நின்றுவிடும். 1990-ல் ரஷ்யர்களின் மீர் விண்வெளி நிலையத்தில் காடை முட்டைகள் பொரிந்தன. எடையே இல்லாத அந்த இடத்தில் குஞ்சுகளால் தங்கள் உடம்பை ஓரிடத்தில் நிறுத்தித் தீனி கொத்த முடியவில்லை. நிற்கத் தரை வேண்டும், அந்தத் தரையில் பிடி வேண்டும். விண்வெளிக்கும் அட்டைப்பெட்டிக்கும் அதே விதிதான்.

டாக்டர் சொன்னபடி, அக்கா மெல்லிய துணிப்பட்டி வெட்டி, இரண்டு கால்களுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டினார். பேப்பருக்குப் பதில் சொரசொரப்பான சாக்குத் துணி வந்தது. நான்கு நாளில் குஞ்சு தத்தித் தத்தி நடந்தது. கால் விரித்துக் கிடந்ததால் அதற்கு 'சர்க்கஸ்' என்று பையன் பெயர் வைத்துவிட்டான். ஆச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

வெப்பம்தான் பெரிய பாடம். முதல் வாரம் குஞ்சுகளுக்கு 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. டாக்டர் வேறு வழி சொன்னார். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. பல்பை விட்டு விலகி மூலையில் வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவி மேய்ந்தால் சரியாக இருக்கிறது. தையல் மெஷின் மேல் தொங்கிய குண்டு பல்பு பெட்டிக்கு இடம் மாறியது. அக்கா சுவரோரம் இருந்த டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கித் தைத்தார்.

தோவாளைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்றுதான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளையும் சுற்றுகிறது. ஆனியில் ஓர் இரவு, மழைச்சாரலோடு அந்தக் காற்று வீசியது. பத்து மணிக்கு மின்சாரம் போனது. பல்பு அணைந்ததும் குஞ்சுகள் கத்தத் தொடங்கின. சன்னமான, விடாத கத்தல்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். வெந்நீரைப் பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி, வெட்டுத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். பெட்டியைப் போர்வையால் மூடி, மூச்சு விட ஒரு மூலையைத் திறந்து வைத்தார். குஞ்சுகள் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு அமைதியாகின. முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் ஆறியது. மறுபடி அடுப்பு. மறுபடி பாட்டில். மூன்று மணி வாக்கில் அலுப்பில் கண் அசந்துவிட்டார். விழித்தபோது பாட்டில்கள் குளிர்ந்து கிடந்தன. ஒரு குஞ்சு மற்றவற்றின் அடியில் நசுங்கி, விறைத்திருந்தது.

காலையில் பையன் எண்ணினான். எட்டு.

"கோழின்னா தாய் இறக்கைக்குள்ள வச்சுக்கிடும் பிள்ளே. இதுக்கு ஆரு இருக்கா?" என்றார் ஆச்சி. அக்காவைக் குறை சொல்லும் குரலில் இல்லை அது.

உண்மையில் இந்தக் காடைக்கு யாருமில்லை. சங்ககாலத்தில் தமிழர்கள் குறும்பூழ் என்று அழைத்து, சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்த்த காடை வேறு. கலித்தொகையில் அந்தக் குறும்பூழ்ப் போர் வருகிறது. இன்று பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை. ஜப்பானியர்கள் சுமார் 900 வருடங்களுக்கு முன்பே அதன் குரலுக்காகக் கூண்டில் வளர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் பெருக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பாடும் காடைகள் அழிந்தே போயின. இந்தியாவுக்கு 1974-ல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் இசத்நகருக்கு வந்தது. பிறகு நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 'நாமக்கல் காடை-1' என்ற ரகத்தையே உருவாக்கியது.

தலைமுறை தலைமுறையாக முட்டைகளை மனிதன் எடுத்து மெஷினில் பொரித்ததில், இந்தக் காடை ஒன்றை மறந்துவிட்டது. முட்டையிடும், அடைகாக்காது. இடுகிற முட்டையை மிதித்துக்கொண்டு போய்விடும். குஞ்சுக்குக் காத்திருக்கும் இறக்கை எதுவும் கிடையாது. மனிதர் பொருத்தும் பல்புதான் அதற்குத் தாய்.

அன்று மதியமே அக்கா காற்று வரும் ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை தைத்துப் போட்டார். அடுத்தமுறை மின்சாரம் போனபோது, பிளாஸ்கில் வெந்நீர் தயாராக இருந்தது. அலாரமும் வைத்திருந்தார்.

அதன் பிறகு எதுவும் சாகவில்லை. தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 24 முதல் 27 பங்கு வேண்டும், வெறும் குருணை போதாது என்று தெரிந்துகொண்டார்கள். கூண்டு செய்தபோது பாவம் பார்த்து இரண்டடி உயரம் வைத்தார்கள். அதுவும் தவறு. காடை பயந்தால் நேர் செங்குத்தாக எம்பும். ஓர் இரவு பூனை கூண்டின் மேல் நடந்ததில், ஒன்று எம்பி மண்டையைக் காயப்படுத்திக்கொண்டது. பண்ணைகளில் கூண்டு பத்து அங்குலம்தான் இருக்கும், எம்ப இடமே இல்லாமல். அக்கா பழைய வேட்டியைக் கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டினார். பிறகு எம்பினாலும் துணியில்தான் முட்டியது. ஒரு தட்டில் உலர்ந்த மணல் வைத்தார்கள். அதில் காடைகள் புரண்டு குளிக்கும் கூத்தைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள்.

மூன்றாம் வாரம் நெஞ்சில் நிறம் ஏறியது. நெஞ்சு செம்பழுப்பாக இருந்தால் ஆண். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பெண். ஐந்து ஆண், மூன்று பெண். சர்க்கஸ் ஆண்.

ஏழாவது வாரம் முதல் முட்டை வந்தது. பையன் தினமும் விடியற்காலையில் தேடிப் பார்த்து ஏமாந்தான். காடை பெரும்பாலும் சாயங்காலம்தான் இடும். பள்ளிவிட்டு வந்தவன் பையைக்கூடக் கழற்றாமல் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பத்து கிராம் இருக்கும். மை தெளித்த மாதிரி புள்ளிகள். ஒவ்வொரு பெட்டைக்கும் தனிப் புள்ளிக்கோலம் என்பதால், எது யாருடையது என்று சில நாளில் அவனுக்கே தெரிந்துவிட்டது. காடை முட்டையிட நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். இரவு ஒன்பது மணி வரை எரிந்த அக்காவின் தையல் விளக்கு, அந்தக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தது.

ஆனால் அதே வாரத்தில் ரத்தமும் வந்தது. மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் போதும். இங்கே ஐந்து. ஒன்றை ஒன்று துரத்தின. பெட்டைகளின் பின்னந்தலையில் இறகே இல்லை. பலவீனமான சர்க்கஸின் தலை கொத்துப்பட்டுப் புண்ணாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சி சொன்னார், "ஒண்ணை வச்சுக்கிட்டு மத்த நாலையும் அறுத்திரலாம் பிள்ளே. பண்ணையில இருந்திருந்தா அஞ்சாவது வாரமே சட்டிக்குப் போயிருக்கும்."

அவர் சொன்னது கொடுமையும் இல்லை, பொய்யும் இல்லை. யாரும் பதில் சொல்லவில்லை. பையன் கொஞ்ச நேரம் கழித்து, "வயல்ல கொண்டு விட்டிருவோமா? அங்க காட்டுக்காடை இருக்குல்லா?" என்றான்.

டாக்டரிடம் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். வெந்நீர் பாட்டிலோடு வளர்ந்த பறவைக்குக் கீரியைத் தெரியாது, பாம்பைத் தெரியாது. விட்டால் இரண்டு நாள் தாங்காது. தாங்கினாலும் வயலில் இருக்கும் காட்டுக்காடைகளுக்குப் பண்ணை நோயைக் கொண்டுபோகும். அந்தக் காட்டுக்காடைகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்க்கலாம் என்பது பண்ணைக் காடைக்கு மட்டும்தான்.

அன்று இரவு அக்கா வெகுநேரம் தைத்தார். படுக்கப் போகும்போது மாமியாரிடம் சொன்னார், "மாமி, அன்னைக்கு மழையில ராத்திரி முழுக்க முழிச்சிருந்து காப்பாத்துனதை, என் கையால அறுக்க முடியாது. வளர்க்குறதுன்னு ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, அதுங்க ஆயுசு மட்டும் இருக்கட்டும்."

ஆச்சி "உன் இஷ்டம்" என்று திரும்பிப் படுத்தார்.

ஓணச் சந்தை முடிந்து கணவருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தபோது, பழைய ஜன்னல் வலையில் இன்னொரு கூண்டு அடித்தார். நடுவே பலகை வைத்து நான்கு அறைகள். பெட்டைகள் கண்ணில் படாத பின்கட்டில் வைத்ததும் சண்டை அடங்கியது. சர்க்கஸின் தலையில் இறகு முளைத்தது.

அந்த வீட்டில் இன்றும் கோழிக்குழம்பு உண்டு. மீன் இல்லாமல் சோறு இறங்காது. காடை வறுவல் மட்டும் வருவதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். விடியக்காலத்தில் ஆண் காடை கூவினால், "சர்க்கஸ்காரன் எழும்பிட்டான்" என்று ஆச்சிதான் முதலில் சொல்கிறார்.

பையனுக்கு இப்போது குஞ்சு பொரிக்க ஆசை. பதினெட்டு நாளில் பொரிந்துவிடும் என்று கணக்குச் சொல்கிறான். காடை உட்காராவிட்டாலும், பக்கத்து வீட்டுச் சின்ன நாட்டுக்கோழி அடைக்கு வந்திருக்கிறதாம். ஒரு டம்ளரில் தவிடு நிரப்பி ஆறு முட்டைகளைச் சேர்த்தும் வைத்துவிட்டான்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "ஆறும் பொரிஞ்சா மூணு ஆணாவது இருக்கும் மக்கா. அதுக்கு எங்க இடம்?"

பையன் பின்கட்டைப் பார்த்தான். நான்கு அறைகளும் நிறைந்திருந்தன.

"முதல்ல அப்பாகிட்ட கூடு அடிக்கச் சொல்லு. அதுக்கப்புறம் முட்டை வைப்போம்."

அன்று சாயங்காலம் அந்த ஆறு முட்டைகளும் அவித்துத் தட்டுக்கு வந்தன. பையன் இரண்டு தின்றான். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில், புதுக்கூண்டுக்குப் படம் போட உட்கார்ந்தான்.