திங்கள்கிழமை வில்வம்

சிவன் கோயிலில் வில்வம் அதிகம் தேவைப்படும் நாள் திங்கள்கிழமை. அன்றைக்குத்தான் வில்வமரத்தில் கை வைக்கக் கூடாது. சோமவாரத்துக்கு வேண்டியதை ஞாயிறன்றே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவோம். அமாவாசைக்கும் மாதப்பிறப்புக்கும் இதே கதைதான். பெருமாள் கோயில்காரர்களும் துவாதசியன்று துளசியைக் கிள்ளுவதில்லை. மரத்துக்கு ஓய்வு வேண்டாமா என்பார்கள் பெரியவர்கள். எனக்கென்னவோ முந்தின நாளே பறித்து வைப்பது மனுஷருக்கும் சேர்த்து எழுதிய விதியாகத்தான் படுகிறது. மாத முதல் வாரம் பென்ஷன்காரர்கள் வரிசைகட்டி நிற்கும் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பாருங்கள். பொறுமையை அந்த நேரத்தில் தேடிப் பறிக்க முடியாது. முந்தைய நாளே பறித்து வைத்திருந்தால் உண்டு.

எனக்கு அந்தப் பொறுமையைப் பறித்துக் கொடுப்பது, விடிகாலையில் எங்கள் தெருக் கோயிலில் பூக்கட்டும் வேலை.

இந்தத் தொண்டுக்குப் பெரிய முன்னோர்கள் உண்டு. திருப்புகலூர் முருக நாயனார் சூரியன் உதிக்குமுன் குளித்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று நால்வகையும் தனித்தனியாகக் கொய்து, கோவை, இண்டை, கண்ணி, பிணையல் என்று விதவிதமாகத் தொடுத்தார் என்கிறது பெரியபுராணம். கருவூர்ச் சிவகாமியாண்டார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூப்பறித்தவர். மூச்சுக்காற்று பூவில் படக்கூடாது என்பதற்காக. அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வாயைக் கட்டினால் ஊர்வம்பு நின்றுவிடும்! நாங்கள் துணி கட்டுவதில்லை. பேச்சை மட்டும் விட்டுவிட்டோம்.

பூவுக்குப் பூ நேரம் வேறு. நந்தியாவட்டை காலையில் மலர்ந்து நிற்கும், அப்போதே பறித்தாக வேண்டும். காம்பில் பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும். அரளியை முந்தின மாலையே மொட்டாக எடுத்து வைக்கலாம். அரளி நச்சுச்செடி, கட்டி முடித்ததும் கையை நன்றாகக் கழுவாமல் காப்பி டம்ளரைக்கூடத் தொடாதீர்கள். கீழே விழுந்த பூ ஆகாது என்ற விதிக்குப் பவழமல்லி விலக்கு. அது தானாக உதிர்ந்து கிடப்பதைத்தான் பொறுக்குகிறோம்.

வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிசாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பூ இந்தப்பக்கம், இரண்டு பூ அந்தப்பக்கம், காம்புகள் நடுவில் சேர, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. இறுக்கினால் காம்பு அறுந்து பூ மடியில் விழும். தளர்த்தினால் சாமி தோளில் ஏறுமுன் பாதி உதிர்ந்துவிடும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும், யோசித்துக் கட்டினால் வராது.

கை இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது மனசு சும்மா இருக்குமா? இருக்காது. நேற்று அதிகாரி சொன்ன சொல், பையனின் ஃபீஸ், அண்ணனோடு நிலத்தகராறு எல்லாம் வரிசையாக வரும். நான் விரட்டுவதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து மனசை அடக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பிரமிப்பு. என்னால் ஆகாத காரியம் அது. இங்கே அடக்க வேண்டியதே இல்லை. ஒரு கவலை வந்து நாலு முடிச்சுவரை இருக்கும். பூ தீர்கிறதா, மணி ஆகிறதா என்ற கவனம் அதைத் தள்ளிவிடும். காலசந்திப் பூஜைக்கு மாலை போயாக வேண்டும். தியானத்துக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: கெடு. என்னைப் போன்ற சம்சாரிகளுக்கு அந்தக் கெடுதான் காப்பு என்று நினைக்கிறேன்.

அத்தனை பாடுபட்டுக் கட்டிய மாலை மறுநாள் நிர்மால்யம். குருக்கள் களைந்து கூடையில் போட்டுவிடுவார். நேற்றைய மாலை நன்றாக அமைந்தது என்று இன்றைக்குப் பெருமைப்பட வழியில்லை; கோணலாக இருந்தது என்று வருந்தவும் வழியில்லை. வில்வத்தை மட்டும் கழுவி மறுபடி சாத்தலாம் என்று சாஸ்திரம் இடம் கொடுக்கிறது.

இப்போது பல கோயில்களில் நந்தவனம் பெயரளவுக்குத்தான். நாருக்குப் பதில் நைலான் நூல் வந்துவிட்டது. பூ மக்கினாலும் நூல் மக்குவதில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் நாலு அரளிச் செடியாவது நின்றால், காலையில் குருக்களிடம் கேட்டுவிட்டு ஒரு முழம் கட்டிக் கொடுங்கள். கட்டத் தெரியாவிட்டால் வாசலில் பூ விற்கும் அக்கா சொல்லித் தருவார். நாரை மட்டும் மறக்காமல் ஊறவைத்துக்கொண்டு போங்கள்.